மாத்திரை போட்டால்தான் வகுப்பில் உட்கார வைப்போம் என்கிறார்கள்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு எட்டு வயது, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சின்னதிலிருந்தே துறுதுறுப்பான பிள்ளைதான். ஆனால் ஒரு வருடமாக வகுப்பில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், எழுதச் சொன்னால் எழுதுவதில்லை என்று அடிக்கடி கூப்பிட்டு அனுப்புகிறார்கள். பள்ளிக்கு வந்து போகும் கவுன்சிலர் மேடம் அவனுக்கு ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதிகத் துறுதுறுப்பும் உள்ள பிரச்சினை) என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் மாத்திரைப் பெயரை எழுதி, மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நான் வாங்கவில்லை. போன வாரம் ஹெச்.எம். கூப்பிட்டு, "மாத்திரை ஆரம்பித்து டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் வகுப்புக்குள் விடுவோம், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். போன வருடம் இலங்கை நேவி பிடித்து, யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்துவிட்டு வந்தார். மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று அவர் ஒரேயடியாக மறுக்கிறார். மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய்த் தங்க வைக்கலாம் என்கிறார். பள்ளி இப்படிச் சொல்லலாமா? நான் மாத்திரை கொடுக்கவா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளி அப்படிச் சொல்லக் கூடாது. மாத்திரையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்த எந்தத் தலைமை ஆசிரியருக்கும் உரிமை இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு இது போதும். மாத்திரை கொடுக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு உங்கள் மகனை நேரில் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன். அவனைப் பரிசோதிக்கும் தகுதி இல்லாத யாரும் சொல்லக் கூடாது.

துண்டுச் சீட்டில் இருந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே வெளியிடவில்லை. வெளியிட்டால் வேறு யாராவது அதைக் கடையில் போய்க் கேட்பார்கள். அது கவனத்தைச் சீராக்கும் மருந்து அல்ல. கடுமையான ஆவேசம் உள்ள குழந்தைகளுக்கு, வேறு வழிகளைப் பார்த்த பிறகு, யோசித்துத்தான் நாங்கள் எழுதுவோம். பசியைக் கூட்டி எடையை ஏற்றிவிடும், தூக்கம் வரும், சில ஹார்மோன்கள் மாறும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்ததைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நீங்கள் வாங்காமல் இருந்தது மிகச் சரி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 106-ஆம் பிரிவு, மனநல வல்லுநரே ஆனாலும் தன் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. நல்ல கவுன்சிலர் ஒரு பள்ளிக்குக் கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை. குழந்தையிடம் பேசலாம், பழக்கங்களைத் திருத்த உதவலாம், பெற்றோருக்கு வழிகாட்டலாம், டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பலாம். நோய்க்குப் பெயர் சூட்டி மருந்து எழுதுவது அவர் வேலை இல்லை.

அப்புறம் டி.சி. விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். நம் கடற்கரையில் சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் நிறைய. 2014-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. அதனால் உங்கள் மகன் படிப்பது எந்த வகைப் பள்ளி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிறுபான்மைப் பள்ளியாகவே இருந்தாலும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கட்டுப்படுத்தும். கற்றல் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ள குழந்தைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. கண்டுபிடிப்பதும் கற்பிக்கும் முறையை மாற்றுவதும்தான் பள்ளியின் கடமை. மாத்திரை போட வைப்பது அதில் இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை நம்மை விட முன்பே வெடித்தது. கவனக் குறைபாட்டுக்கான மாத்திரையைத் தொடங்கினால்தான் பள்ளிக்கு வரலாம் என்று பெற்றோரை நெருக்குவதாகப் புகார்கள் குவிந்தன. 2001-இல் கனெக்டிகட் மாநிலம் பள்ளி ஊழியர்கள் மனநல மருந்துகளைப் பரிந்துரைப்பதைத் தடுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2004-இல் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளியில் உட்காரவோ, பரிசோதனை பெறவோ, சிறப்பு உதவி பெறவோ கட்டுப்படுத்தப்பட்ட மருந்து எதையும் நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பில் தான் பார்த்ததை ஆசிரியர் பெற்றோரிடம் சொல்வதை இந்தத் தடை தடுக்காது என்கிறது. ஆசிரியரின் வாயை அடைக்கவில்லை. பார்த்ததைச் சொல்லுங்கள், மருந்தை மட்டும் தீர்மானிக்காதீர்கள் என்று எல்லையைத் தெளிவாக வைத்துவிட்டார்கள்.

பள்ளி ஏன் தீர்மானிக்கக் கூடாது என்பதற்குச் சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு வேண்டியது அமைதி. அது நியாயமான தேவைதான், அந்த ஆசிரியர் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை அமைதியாகிவிட்டான் என்பதற்கும் குணமாகிறான் என்பதற்கும் நிறைய தூரம். மருந்தின் அளவு கூடிப்போய் மந்தமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இப்போ ரொம்ப நல்லா இருக்கான்" என்று பள்ளி எழுதி அனுப்பிய சீட்டோடு என்னிடம் வந்த பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளை சிரிப்பதே இல்லை, மத்தியானச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்பது அந்தச் சீட்டில் இருக்காது. நான் பார்க்க வேண்டியது வேறு. சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, கூட்டாளிகளோடு விளையாடுகிறானா, நேற்றுப் படிக்க முடியாததை இன்று படிக்கிறானா, உயரமும் எடையும் வயதுக்கு ஏற்ப ஏறுகிறதா. யாருக்கு வசதி என்பதிலிருந்து தொடங்கும் சிகிச்சை முடிவு குழந்தையின் பக்கம் வந்து சேராது.

சரி, உங்கள் மகனைப் பற்றிப் பேசுவோம்.

ஏடிஹெச்டி உண்மையான பிரச்சினை. மேல்நாட்டுக் கற்பனை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் அதை உறுதிப்படுத்த நாங்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டின் அளவுகோலில், கவனக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரப்படுவதற்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகள் உண்டு. குழந்தைகளில் இரண்டில் ஏதாவது ஒன்றிலாவது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். இவ்வளவும் பொருந்தினாலும் வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்லலாம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "ஒரு வருடமாக" என்ற சொல். அவன் அப்பா பிடிபட்டதும் போன வருடம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பாவைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று அவன் எங்கே இருந்தான்? யார் சொல்லி அவனுக்குத் தெரிந்தது? வீட்டில் அழுகை, கரையில் கூட்டம், போராட்டம், டிவியில் செய்தி, எப்போது விடுவார்கள் என்று தெரியாத வாரங்கள். எல்லாம் ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் காதில் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட பயம் குழந்தைகளிடம் அழுகையாக வெளிவருவது குறைவு. உட்கார முடியாமை, சட்டென்று கை நீட்டுவது, பாடத்தில் மனம் நிற்காதது, தூக்கம் கெடுவது என்றுதான் வெளிவரும். வகுப்பிலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஏடிஹெச்டி போலத் தெரியும். அப்பா திரும்பி வந்துவிட்டாரே என்று கேட்கலாம். வந்தவர் மறுபடி கடலுக்குப் போகிறாரே. படகு கடலில் இருக்கும் இரவுகளில் அவன் எப்படித் தூங்குகிறான், மறுநாள் பள்ளியில் எப்படி இருக்கிறான் என்று கொஞ்ச நாள் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்திருப்பார். அப்போது வீட்டிலும் தெருவிலும் அவன் எப்படி இருந்தான் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். அந்த நாட்களில் அடங்கியிருந்தான் என்றால் நாம் வேறு பாதையில் யோசிக்க வேண்டும். அந்தப் பாதையில் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. நீங்களே எழுதியபடி அவன் சின்னதிலிருந்தே துறுதுறுப்பு என்றால், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் எங்களுக்கு நேரம் தேவைப்படுகிறது.

வேறு சிலவும் உண்டு. கரையோரப் பிள்ளைகளிடம் காதில் சீழ் வடிவதை நிறையப் பார்க்கிறேன். காது மந்தமான பிள்ளை "சொன்னால் கேட்பதில்லை" என்று பெயர் வாங்குவான். கண் பார்வை, ரத்தசோகை, பற்றாக்குறைத் தூக்கம் இவையெல்லாம் கவனத்தைக் குலைக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காதது போல் தொடர்ந்தால் அது வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கவே முடியாத பிள்ளை, தமிழ், ஆங்கில வகுப்புகளில் மட்டும் ரகளை செய்துவிட்டு, கணக்கிலும் படம் வரைவதிலும் ஒழுங்காக இருப்பான். அது கற்றல் குறைபாடாக இருக்கும். அதற்கு எந்த மாத்திரையும் கிடையாது, சொல்லிக்கொடுக்கும் முறைதான் மருந்து.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்குப் பள்ளியின் உதவி வேண்டும், மிகவும் வேண்டும். அதனால் பள்ளியோடு சண்டை போட்டுவிட்டு வராதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம், அவன் எந்த நேரத்தில் எழுந்து ஓடுகிறான், எந்தப் பாடத்தில், அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்த வேலையில் நிலைத்து உட்காருகிறான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏடிஹெச்டி என்ற சொல்லே அதில் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிய ஒரு பக்கம் எனக்கு எந்தச் சான்றிதழையும் விடப் பெரியது. நாங்கள் கொடுக்கும் கேள்வித்தாளையும் அவரே நிரப்பலாம். முன் வரிசையில் உட்கார வைப்பது, நீளமான வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, நடுவில் நோட்டு எடுத்து வரச் சொல்லி ஒரு நடை நடக்க விடுவது போன்றவற்றை யாருடைய அனுமதியும் இல்லாமல் நாளைக்கே தொடங்கலாம்.

இனி உங்கள் கணவருக்காகக் கொஞ்சம். அவர் பயத்தை நான் மதிக்கிறேன். சீட்டில் இருந்த அந்த மாத்திரை விஷயத்தில் அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் பள்ளி மிரட்டியது என்ற கோபத்தில் எல்லா மருந்துக்கும் கதவைச் சாத்திவிட வேண்டாம். பள்ளிக்குப் பயந்து கொடுப்பதும் பள்ளி மேலுள்ள வீம்பில் மறுப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் முடிவு எடுப்பது பள்ளியாகிவிடுகிறது. பள்ளி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று மட்டும் யோசியுங்கள். பரிசோதித்து ஏடிஹெச்டி என்று உறுதியானால், முதலில் பெரும்பாலும் பேசப்படும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1950-களிலிருந்து உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருப்பது, சரியான பிள்ளைக்குச் சரியான அளவில் கொடுத்தால் நன்றாக வேலை செய்வது. டாக்டர் சொன்ன அளவில் அது பிள்ளையை மந்தமாக்கக் கூடாது. மந்தமானால் அளவு அதிகம் அல்லது மருந்து ஒத்துவரவில்லை என்று பொருள், உடனே எங்களிடம் சொல்ல வேண்டும். பசி குறையலாம், வயிறு வலிக்கலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் காலையில் சாப்பிட்ட பிறகு கொடுப்போம். தொடங்கும் முன் இதயக் கோளாறு குடும்பத்தில் உண்டா என்று கேட்டு, ரத்த அழுத்தம், நாடி, எடை, உயரம் பார்ப்போம், தொடர்ந்தும் பார்ப்போம். இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு கட்டுப்பாடு உள்ள ஒரு முடிவைப் பள்ளி அலுவலக மேசையில் எடுக்க முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மருந்து தொடங்கினாலும் பள்ளியின் எல்லை மாறாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலையில் வீட்டிலேயே கொடுத்து முடிக்கிற மாதிரி ஏற்பாடு செய்யலாம். மத்தியான வேளை மருந்து தேவைப்பட்டால் மட்டும், உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, கடை உறையோடு, பூட்டி வைக்கப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, கொடுத்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு ஆட்டம் அதிகம் என்று ஒன்று கூட்டிக் கொடுப்பதோ, நல்லாத்தானே இருக்கான் என்று நிறுத்துவதோ கூடாது. சில ஆசிரியர்கள் எதிர்ப்பக்கம் போய், "இதைக் கொடுத்தா மூளை கெட்டுப்போகும், நிறுத்துங்கம்மா" என்பார்கள். அதுவும் அவர்கள் எல்லையைத் தாண்டுவதுதான், சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தும்கூட. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்பதை நான் ஒருபோதும் பொறுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் பொறுக்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைக்கும் கடமையை மருத்துவம் பார்ப்பவர்களுக்கு விதிக்கிறது. நான் எழுதும் சீட்டைப் பள்ளிக்குக் காட்டச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் விரும்பினால், பிள்ளை மருத்துவ ஆலோசனையில் இருக்கிறான் என்று இரண்டு வரி எழுதித் தருகிறேன், அதைக் கொடுங்கள்.

உங்கள் மாமியாரிடம் கோபப்பட வேண்டாம். ஏர்வாடிக்குப் போய் வேண்டிக்கொண்டு வருவதில் எனக்கு மறுப்பில்லை. சாதி மதம் பார்க்காமல் நம் ஊர்க்காரர்கள் போகும் இடம் அது. பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்ந்து நடக்கட்டும் என்று அரசே அங்கே ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் பிள்ளையைத் தங்க வைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டம் மறந்திருக்காது. இன்று மனநல நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் எந்த வடிவிலும் தடுக்கிறது. தனக்காகப் பேச முடியாத ஒருவருக்குச் சிகிச்சை என்ற பெயரில் எதையும் செய்துவிடக் கூடாது என்ற கவனம் அதற்குப் பிறகுதான் பலமாக வந்தது. 18 வயது நிறையாத பிள்ளைக்காக அந்தக் கவனத்தோடு பேசி முடிவெடுக்கும் இடத்தில், சட்டப்படி, பாதுகாவலர்களான நீங்களும் உங்கள் கணவரும்தான் இருக்கிறீர்கள். அந்த இடத்தைப் பள்ளிக்கோ உறவினருக்கோ விட்டுக்கொடுக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அவன் மொழியில் சொல்லிப் புரிய வையுங்கள், அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை வழக்கம்போல அவனைப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். "மகனை மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்கிறேன், அவன் வழக்கம்போல வகுப்புக்கு வருவான், வகுப்பில் கவனித்ததை எழுதித் தாருங்கள், மருந்து பற்றிய முடிவை நாங்களும் மருத்துவரும் எடுப்போம்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த விருப்பத்தில் டி.சி. கேட்பதாக எழுதித் தரச் சொல்வார்கள். எந்த நெருக்கடியிலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டால், வெளியேற்றினார்கள் என்று பிறகு சொல்லவே முடியாது. உள்ளே விடாவிட்டால், நடந்ததைத் தேதியோடு எழுதி, தனியார் பள்ளிகளைப் பார்க்கும் மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும், குழந்தைகள் உதவி எண் 1098-லும் சொல்லலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது உங்களுக்கு நம்பிக்கையான மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வரும்போது அவனுடைய நோட்டுகள், ஆசிரியர் எழுதிய பக்கம், தூக்கம் பற்றி நீங்கள் குறித்தது, அந்தத் துண்டுச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். உங்கள் கணவர் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அவரையும் அழைத்து வாருங்கள். சிறையிலிருந்த நாட்களைப் பற்றி மகனிடம் அவர் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார் என்று அவரிடமே கேட்க வேண்டும்.